கண்ணாடித் தரையில் ஒரு மடைவாய்

1

போன சனிக்கிழமை இங்கே பாரிஸ் பக்கம் ஒரு பெரிய கடையில் என்னைக் கொஞ்ச நேரம் சந்தேகக் கேஸாகப் பார்த்தார்கள். வீட்டுச் சாமான் பகுதியில் புதிய அஸ்பிராத்தர்களை வரிசையாக நிறுத்தி வைத்திருந்தார்கள். நம்மூரில் வேக்குவம் கிளீனர் என்கிறோமே, அதற்கு இங்கே பெயர் அஸ்பிராத்தர். வாங்க வருகிறவர்கள் நிறத்தைப் பார்ப்பார்கள், விலையைப் பார்ப்பார்கள், எவ்வளவு சத்தம் போடும் என்று கேட்பார்கள். நான் குழாயின் நுனியில் தரையில் படுகிற தட்டையான பாகத்தைக் கழற்றி, மல்லாக்கப் புரட்டி, அதன் அடிவயிற்றைப் பார்ப்பேன். அதைத் தலை என்று சொல்வது எங்கள் தொழில் வழக்கம். ஐந்தாவது தலையைக் கழற்றியபோது விற்பனைக்காரப் பையன் ஓடி வந்துவிட்டான்.

"மிஸ்யே, எதையாவது தேடுகிறீர்களா?"

"இல்லை. அடிப்பக்கம் பார்க்கிறேன்."

தலையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, செருப்புக் கடையில் வந்து செருப்பை மோந்து பார்க்கிறவனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தான். என் மகள் கவிதா இரண்டு வரிசை தள்ளி, எனக்கும் அவளுக்கும் சம்பந்தமே இல்லாதவள்போல் நின்றிருந்தாள். பதினாறு வயது. அப்பாவோடு கடைக்கு வருவதே பெரிய விஷயம். அவள் என்ன நினைத்தாளோ, நேராக வந்து அந்தப் பையனிடம் பிரெஞ்சில் சொன்னாள்: "எங்கள் அப்பா இதை உண்டாக்குகிறவர். நீங்கள் கையில் வைத்திருப்பதில் பாதி அவருடையது, பாதி எங்கள் அத்தையுடையது."

பையன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இதை எழுதுகிறேன். லீவில் காரைக்கால் பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது கோட்டுச்சேரிக்காரர் யாராவது கேட்பார்கள், "பிரான்சுல என்னா வேலை தம்பி?" என்று. "தரை சுத்தம் பண்ற மெஷினுக்குத் தலை செய்யுறோம்" என்பேன். "ஓ, கூட்டுற வேலையா" என்று பரிதாபமாகத் தலையாட்டிவிட்டுப் பஸ் ஏறிவிடுவார்கள். முழுசாகச் சொல்ல ஒரு நாளும் நேரம் கிடைத்ததில்லை.

2

நான் குரும்பகரத்துக்காரன். பெயர் நடராசன். எங்களுக்கு இருந்தது கொஞ்சம் நிலம், அதுவும் வாய்க்கால் முடிகிற கடைமடை. அப்பா கோவிந்தசாமி நான் பத்தாவது படிக்கும்போதே போய்விட்டார். அதற்குப் பிறகு நிலத்தைக் கட்டி ஆண்டது என் அக்கா அஞ்சலை. அவளுக்கும் எனக்கும் பதினோரு வயது வித்தியாசம். அத்தான் திருநள்ளாற்றுப் பக்கம் மில்லில் வேலை பார்த்தார். வயலில் இறங்கினால் அவருக்குக் காலில் சேறு ஒட்டுவது பிடிக்காது. ஆகவே உழவுக்கு ஆள் பிடிப்பது, தண்ணீருக்குச் சண்டை போடுவது, மடை வெட்டுவது, மடை அடைப்பது எல்லாம் அக்காதான். நான் கூடமாட நின்றேன்.

எழுபதுகளின் நடுவில் கோவில்பத்தில் ஒரு சொல்தா வீட்டுப் பெண்ணை எனக்குப் பார்த்தார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் பக்கம் சொல்தா என்போம். அவர்கள் குடும்பத்துக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை. வசந்தாவைக் கட்டினால் பிரான்ஸ் போகலாம் என்று ஊரே சொன்னது. வசந்தா நல்லவள் என்பதை யாரும் சொல்லவில்லை, அதை நானே பிறகு தெரிந்துகொண்டேன்.

பாரிஸுக்கு வெளியே ஒரு சின்ன ஊரில் வந்து இறங்கினோம். முதல் ஆறு மாதமும் அரசாங்க அலுவலகங்களில் வரிசையில் நின்றதுதான் ஞாபகம். ஜன்னலுக்கு அந்தப்பக்கம் ஒரு அம்மாள் "குடும்பப் பெயர்?" என்று கேட்பார். எங்களுக்குக் குடும்பப் பெயர் ஏது? "நடராசன்" என்றேன். "அது உங்கள் பெயர். குடும்பப் பெயர்?" அப்பா பெயரைச் சொன்னேன். எழுதிக்கொண்டார். அன்றிலிருந்து நான் மிஸ்யே கோவிந்தசாமி. தபால்காரன், டாக்டர், கவிதாவின் டீச்சர் எல்லோரும் என் அப்பாவைக் கூப்பிட நான் திரும்பிப் பார்க்கப் பழகினேன்.

3

வீட்டுச் சாமான் செய்கிற ஒரு சின்னத் தொழிற்சாலையில் முற்றம் பெருக்க ஆள் வேண்டும் என்றார்கள். போனேன். இரண்டாம் வருடம், சோதனை அறையில் ஒருவர் வேலையை விட்டுவிட்டதால் என்னை அங்கே தள்ளினார்கள்.

அந்த அறையை முதல் நாள் பார்த்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை. ஒரே கூடத்தில் எட்டு விதமான தரை. ஓரிடத்தில் மரப்பலகை, பக்கத்தில் ஓடு, பிறகு ரப்பர் மாதிரி ஒரு விரிப்பு, குட்டை மயிர்க் கம்பளம், பசும்புல்போல நீண்ட மயிர்க் கம்பளம். சுவர் நெடுக டப்பாக்கள். ஒன்றில் மணல், ஒன்றில் நூல் துணுக்கு, ஒன்றில் நாய்முடி, ஒன்றில் ரொட்டித்தூள், ஒன்றில் அரிசி. ஆமாம், அரிசி. தூசியை நிறுத்துத் தரையில் தூவுவார்கள். தலையை வைத்து இழுப்பார்கள். பைக்குள் போனதை எடுத்து மறுபடி நிறுப்பார்கள். நான் அம்பது தடவை முன்னும் பின்னும் தள்ள வேண்டும், ஒரே வேகத்தில். அதுதான் என் வேலை. வீட்டைப் பெருக்குகிற காரியத்துக்கு இத்தனை யோசனை உலகத்தில் ஒரு இடத்தில் நடக்கிறது என்பது எனக்குத் தெரியாது. குப்பை என்பது கண்ணை மூடிக்கொண்டு தள்ளிவிடுகிற ஒன்று என்றே வளர்ந்தவன் நான். இங்கே வெள்ளைக் கோட்டுப் போட்டவர்கள் அரிசி மணிக்கு எதிரில் மண்டி போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே அந்தக் கண்ணாடித் தரை. கூடத்தின் கடைசியில் இடுப்பு உயரத்தில் ஒரு மேடை, அதன் மேல்தளம் முழுக்கக் கனமான கண்ணாடி. அடியில் விளக்கும் சாய்த்து வைத்த ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியும். மேலே தலையை வைத்து ஓட்டினால், அதன் அடியில் நடப்பதையெல்லாம் கீழே குனிந்து பார்க்கலாம். என் மேலதிகாரி மிஸ்யே மொரெல், மெலிந்த மனிதர், எப்போதும் காதில் பென்சில். அவர் ஒரு கைப்பிடி வெள்ளைத் தூளைத் தூவி, மோட்டாரைப் போட்டு, "குனிந்து பார்" என்றார்.

பார்த்தேன். தூள் எழுந்து நடந்தது. ஒரு பொட்டு இங்கே நின்று யோசிக்கிறது, பக்கத்துப் பொட்டு சட்டென்று ஓடுகிறது, பத்து இருபது சேர்ந்து கயிறாகத் திரிகிறது, வளைந்து குழாய்வாயில் புகுந்து மறைகிறது. காற்றைக் கண்ணால் பார்த்தது அதுதான் முதல் தடவை. புயல் பார்த்திருக்கிறேன், ஓடு பறந்ததைப் பார்த்திருக்கிறேன், அப்போதெல்லாம் பார்த்தது ஓட்டைத்தான். இங்கே காற்றுக்கே உடம்பு தெரிந்தது. மொரெல் மூன்று தடவை கூப்பிட்ட பிறகுதான் எழுந்தேன்.

வீட்டுக்கு வந்து வசந்தாவிடம் சொன்னேன். "காத்தைப் பாத்தேன்" என்று. "பாத்துட்டு வந்து கையைக் கழுவுங்க" என்றாள்.

4

எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் கம்பெனி தள்ளாட ஆரம்பித்தது. பெரிய கம்பெனிகளின் தலைகள் கம்பளத்திலும் ஓடின, வெறுந்தரையிலும் ஓடின. காலால் ஒரு விசையை மிதித்தால் அடியில் சுற்றிலும் பிரஷ் மயிர் இறங்கும், மரத்தரை கீறாது. நாங்களும் அப்படி ஒன்று செய்தோம். மெல்லிய தூசியை நன்றாக எடுத்தது. அரிசியைத் தூவினால் தோற்றது. முன்பக்கத்துப் பிரஷ் மணிகளை உள்ளே விடாமல், வண்டி முன்னால் ஆட்டுமந்தை போவதுபோல் தள்ளிக்கொண்டே போகும். பிரஷைத் தூக்கிவிட்டால், தலை வெறும் தரையில் அட்டைபோல ஒட்டிக்கொண்டு நகராது. மொரெல் பெரிய மோட்டார் போட்டுப் பார்த்தார். காது அடைத்தது, தலை இன்னும் கெட்டியாக ஒட்டியது. கோடைக்குள் இது சரியாகாவிட்டால் சோதனை அறையை மூடிவிடுவதாக மேலிடத்தில் பேச்சு. மூடினால் நான் முற்றத்துக்கோ தெருவுக்கோ போக வேண்டும்.

அதே நேரத்தில்தான் கவிதா பள்ளியில் "அப்பாவின் வேலை" என்று கட்டுரை எழுதச் சொன்னதற்கு, "என் அப்பா சமையல்காரர்" என்று எழுதியிருந்தாள். வசந்தா கண்டுபிடித்துக் கேட்டாள். "தூசி தள்ளுகிறவர் என்று எழுதவா?" என்றாள் குழந்தை, பிரெஞ்சில். வீட்டில் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் வரத் தொடங்கியிருந்த காலம். மறுநாள் தலையைத் தள்ளும்போது கை கனத்தது.

அன்று கண்ணாடி மேடைக்குக் கீழே குனிந்து அரிசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிரஷ் சுவருக்கு முன்னால் மணிகள் வரிசையாக முட்டிக்கொண்டு நின்றன. உள்ளே காற்று சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. எனக்கு ஒரு வருடத்துக் கடைமடைத் தண்ணீர் ஞாபகம் வந்தது. வாய்க்காலில் தண்ணீர் முழங்காலுக்குக் கீழே. அகலமான மடையைத் திறந்து வைத்தால் தண்ணீர் அசமந்தமாக வந்து வாயிலேயே வண்டலைப் போட்டுவிட்டு நின்றது. அக்கா வைக்கோலையும் களிமண்ணையும் பிசைந்து இரண்டு பக்கமும் அடைத்து, ஒரு சாண் வாய் மட்டும் விட்டாள். நான் காலால் மிதித்து இறுக்கினேன். அதே தண்ணீர்தான். குறுகின இடத்தில் சீறிக்கொண்டு வந்தது. வண்டலை அரித்தது. ஓட்டுச் சில்லு ஒன்றை உருட்டிக்கொண்டு வயலுக்குள் போட்டது. "பாத்தியா, கோவம் வந்துடுச்சு" என்று அக்கா சிரித்தாள்.

மொரெலிடம் ஓடினேன். பிரஷில் வாய் வெட்ட வேண்டும், சின்ன வாய், மூன்று போதும். இதைச் சொல்ல வேண்டும். பிரெஞ்சில் வாய்க்கு 'பூஷ்'. என் நாக்கு அதை 'பூஷே' என்று சொல்லிவிட்டது. பூஷே என்றால் அடைத்துக்கொண்டது என்று அர்த்தம்.

"பூஷே! மிஸ்யே, பூஷே வேண்டும்!"

அவர் உடனே மோட்டாரை நிறுத்திக் குழாயைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "அடைக்கவில்லையே."

"இல்லை, இல்லை. முன்னால் பூஷே! மூன்று பூஷே!"

பையைக் கழற்றி உதறினார். வடிகட்டியைப் பார்த்தார். மறுபடி குழாய். எனக்கு அழுகையே வந்துவிட்டது. கடைசியில் அவர் காதிலிருந்த பென்சிலை நானே பிடுங்கி, அரிசி டப்பா மூடியில் வயலும் வாய்க்காலும் வரைந்தேன். வாயைத் திறந்து காட்டி என் பல் இடுக்கைத் தொட்டுக் காட்டினேன்.

மொரெல் மூடியைக் கையில் வாங்கிப் பார்த்தார். "வெட்டினால் காற்று அந்த வழியாகக் கசியும். இழுவை குறையும்."

"கொஞ்சம் குறையும். அந்த இடத்தில் கோபம் வரும்."

கோபம் என்ற வார்த்தையை நான் சரியாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. அவர் கத்தரிக்கோலை எடுத்து என்னிடம் நீட்டினார்.

மூன்று இடத்தில் பிரஷ் மயிரை வெட்டினேன். சின்ன விரல் அகலம்கூட இல்லை. கண்ணாடியில் அரிசியைத் தூவி மொரெல் மேலே ஓட்ட, நான் கீழே குனிந்தேன். மந்தையாக முட்டிய மணிகள் வெட்டின இடத்துக்கு நேராக வந்ததும், ஒவ்வொன்றாகத் தலையை உள்ளே கொடுத்து விசுக்கென்று போயின. பாம்புப் புற்றுக்குள் பாம்பு போவதுபோல் அவ்வளவு வழவழப்பாக. "நகருங்கள், நான் பார்க்க வேண்டும்" என்று மொரெல் கீழே வந்தார். கைப்பிடியை நான் வாங்கிக்கொண்டேன். கண்ணாடிக்கு அடியில் அவர் முகம் குழந்தை முகமாக இருந்தது. இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்றே சாப்பாட்டு மணியைத் தாண்டிவிட்டோம்.

5

அந்தத் தலை கடைக்கு வந்தது. சோதனை அறை பிழைத்தது. சில மாதம் கழித்து மொரெல் ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். கண்டுபிடிப்பைப் பதிவு செய்த பத்திரம். கண்டுபிடித்தவர்கள் என்ற இடத்தில் மொரெல் என்றும், அதன் கீழே கோவிந்தசாமி என்றும் அச்சாகியிருந்தது. அதை எத்தனை தடவை படித்தேன் என்று கணக்கில்லை.

அந்த வருடம் லீவில் ஊருக்குப் போனோம். பெட்டியில் அந்தத் தலை ஒன்றை வைத்துக்கொண்டேன், மெஷின் இல்லாமல். சென்னை விமான நிலையத்தில் கஸ்டம்ஸ் அதிகாரி அதை எடுத்துப் புரட்டினார்.

"என்னய்யா இது?"

"தலைங்க சார்."

"எதோட தலை?"

"வேக்குவம் கிளீனரோடதுங்க."

"மெஷின் எங்க?"

"பாரிஸ்ல சார்."

"தலையை மட்டும் எதுக்குக் கொண்டாறீங்க?"

"அக்காகிட்ட காட்டத்தாங்க."

என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். எந்த வரியும் போட முடியாத பொருள் என்று முடிவு செய்து பெட்டிக்குள் போட்டார்.

குரும்பகரத்தில் அக்கா அப்போதுதான் வயலிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள். காகிதத்தைக் காட்டினேன். பிரெஞ்சு அவளுக்கு ஏது. கவிதாவைப் படிக்கச் சொன்னேன். அவள் சத்தமாகப் படித்தாள். நடுவில் கோவிந்தசாமி என்ற சொல் வந்ததும் அக்கா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"ஏய், இருடி. என்னா சொன்ன?"

"தாத்தா பேரு, அத்தை. இங்க இருக்கு." கவிதா விரலை வைத்துக் காட்டினாள். அன்று அதுவரை அவள் பேசின நீளமான தமிழ் அதுதான்.

"அப்பா பேரையா அச்சடிச்சிருக்கான்?" அக்கா அந்த எழுத்துமேல் ஈர விரலை வைத்துவிட்டுச் சட்டென்று எடுத்தாள், அழிந்துவிடுமோ என்று. பிறகு என் பக்கம் திரும்பினாள். "அப்புடி என்னாத்தடா கண்டுபுடிச்ச?"

தலையைக் கொடுத்துச் சொன்னேன். வைக்கோலும் களிமண்ணும் வைத்து அடைத்த அந்த மடையைச் சொன்னேன். அவளுக்கு அது ஞாபகமே இல்லை. அவளுக்கு அது வருடா வருடம் செய்கிற வேலை. தலையைப் புரட்டி, பிரஷில் வெட்டியிருந்த மூன்று வாயையும் விரலால் தடவினாள். குழாய் போய்ச் சேருகிற நடு ஓட்டைக்குள் விரலை விட்டாள்.

"காத்து இந்த வழியாவா போவுது?"

"ஆமாக்கா."

"மூணு வாயையும் ஒரே அளவா வெட்டியிருக்க."

"ஆமா."

"கூறு கெட்டவனே. நடு வாய் ஓட்டைக்குப் பக்கத்துலயே இருக்குது. எல்லாம் அதுலயே வந்துடாதா? ஓரத்துக்கு எப்புடிப் போவும்? கிட்ட இருக்குற மடையைச் சின்னதா வெட்டணும், தூரத்து மடையைப் பெருசா வெட்டணும். இல்லேன்னா ஓரத்து வயலு காயும். இதுல ஓரத்துல குப்பை நிக்குதா இல்லியா, சொல்லு."

நின்றது. சுவர் ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்குத் தூசி நிற்கும். எல்லாக் கம்பெனித் தலையிலும் அப்படித்தான் நிற்கும். சுவரோரம் என்றால் அப்படித்தான் என்று மொரெலும் நானும் விட்டுவிட்டோம். கண்ணாடிக்கு அடியில் இத்தனை வருடம் குனிந்து பார்த்தவன் நான். என் அக்கா காற்றைப் பார்த்ததே இல்லை. கையால் தடவியே கண்டுபிடித்துவிட்டாள். கவிதா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அத்தை என்ன சொல்றாங்க? மெதுவா சொல்லச் சொல்லுங்க" என்று என் சட்டையை இழுத்தாள். மறுநாள் முழுக்க அத்தை பின்னாலேயே வயலுக்குப் போனாள், சேற்றில் செருப்பைத் தொலைத்துவிட்டு வந்தாள்.

6

திரும்பிப் போன முதல் வேலைநாளே மொரெலிடம் சொன்னேன். நடு வாயைக் குறுக்கி, ஓரத்து இரண்டையும் அகலமாக்கி, பக்கச் சுவர்வரை இழுத்து வெட்டினோம். கண்ணாடி மேடையின் விளிம்பில் ஒரு பலகையைச் சுவராக நிறுத்தித் தூளைக் கொட்டினோம். கீழே குனிந்து பார்த்தால், பலகையை ஒட்டி நின்ற தூள் தானாகவே ஓரத்து வாயைத் தேடி வந்தது. பலகையோரம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. மொரெல் எழுந்து கண்ணாடியைத் தட்டி, "இதை யார் சொன்னது என்றீர்கள்?" என்றார்.

"என் அக்கா."

"என்ன படித்திருக்கிறார்?"

"அஞ்சாவது."

"அவர் பெயரில்லாமல் இந்தப் பத்திரம் போகாது" என்றார். மேலிடத்தில் அதற்காகச் சண்டை போட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

ஆனால் எங்கள் அலுவலகக் குமாஸ்தாவுக்கு அக்காவின் முழுப்பெயரும் பிறப்புச் சான்றும் வேண்டியிருந்தது. குரும்பகரத்தில் யாரிடம் பிறப்புச் சான்று இருக்கும் என்று நான் கைவிட்டுவிட்டேன். கவிதாதான் சொன்னாள்: "அத்தை பிறந்தபோது காரைக்கால் பிரான்சுதானே? இங்கே மாதிரி எழுதி வைத்திருப்பார்களே." எனக்குத் தோன்றவில்லை. அக்காவுக்குக் கடிதம் எழுதினேன். அவள் டவுனுக்கு மூன்று தடவை பஸ் ஏறினாள். பழைய பதிவேட்டின் பிரெஞ்சுக் கையெழுத்தைப் படிக்கத் தெரிந்த ஒரு பெரியவர் அங்கே இருந்தார். மூன்றாம் தடவை அவர் பக்கத்தைக் கண்டுபிடித்துவிட்டார். நகல் தபாலில் வந்தது. அஞ்சலையம்மாள், கோவிந்தசாமி என்கிற உழவரின் மகள், குரும்பகரம். நுணுக்கமான சாய்வெழுத்து. யாரோ ஒரு குமாஸ்தா, பிறந்து சில நாளான ஒரு பெண்குழந்தையை இவ்வளவு அழகாக எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார். எங்கள் குமாஸ்தா அதை வாங்கிப் பார்த்தார். "இது நம் பத்திரம் மாதிரியே இருக்கிறதே" என்று முத்திரை குத்தினார்.

இரண்டாவது பத்திரம் வந்தபோது அதில் மூன்று பெயர் இருந்தது. ஒரு பிரதியை உறையில் போட்டேன். விலாசத்தைக் கவிதா எழுதினாள், தமிழிலும் பிரெஞ்சிலும். தமிழில் குரும்பகரத்துக்கு எந்த 'ற' என்று என்னிடம் கேட்டாள். சின்ன 'ர' என்றேன்.

அக்காவின் பதில் ஒரு மாதம் கழித்து வந்தது. பெரிய பெரிய எழுத்தில், அவளே எழுதியது. மழை சரியில்லை என்றும், சிவப்பு மாடு கன்று போட்டது என்றும், அத்தானுக்குக் கால் வீக்கம் வற்றிவிட்டது என்றும் எழுதியிருந்தாள். பத்திரத்தைப் பற்றி, பெயரைப் பற்றி ஒரு வரி இல்லை. கடைசியில் மட்டும் கேட்டிருந்தாள்:

"இப்ப ஓரம் காயாம இருக்குதா? பார்த்து எழுது."